காண்பானும் கருவியும்

சீடன்: ஐயனே, நாடு நாடாகச் சென்று படமெடுக்கும் ஒளிப்படக் கலைஞருக்கு அக்கலையோடு உள்ள உறவு எத்தகையது? அது கருவியின் மீதான பற்றா, எடுத்த படத்தின் மீதான பற்றா?

குரு: இரண்டும் அன்று. நம் தத்துவ நூல்கள் அறிவு நிகழும் முறையைக் காண்பான், காட்சி, காணப்படும் பொருள் என மூன்றாகப் பகுப்பன. காட்சி என்பது இங்குக் காணுதலாகிய செயல். கேமரா அதற்குத் துணைநிற்கும் கருவி மட்டுமே. கலைஞரின் உறவு அச்செயலோடுதான். பிரான்சு நாட்டின் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் இதற்குச் சான்றாவார். 1932-இல் லைக்கா கேமராவைக் கைக்கொண்ட அவர், இயல்பான பார்வைக்கு நெருங்கிய கோணம் தரும் 50 மி.மீ. லென்சையே பெரும்பாலும் பயன்படுத்தியதோடு, கேமராவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்தும் வைத்தார்.

சீடன்: மறைத்தது எதற்காக?

குரு: கேமராவைக் கண்டதும் மனிதர் இயல்பை விட்டுப் படத்துக்கென ஒரு தோற்றம் கொள்வதால், காணப்படும் பொருளே வேறாகிவிடுகிறது. பணமதிப்பு சரிந்துகொண்டிருந்த ஷாங்காயில், 1948 டிசம்பரில், தங்கம் வாங்க முண்டியடித்த மக்களை அவர் எடுத்த படத்தைப் பார்: ஒருவர் முதுகில் மற்றவர் மார்பு அழுந்த, கைகள் முன்னிற்பவரை இறுகப் பற்ற, வரிசை முழுவதும் ஒரே உடலாய் நெளிகிறது. குறுகிய காலப் பணிக்கென்று சீனா சென்றவர், ஆட்சி மாறும் வேளையில் அங்கே ஏறத்தாழ 10 மாதம் தங்கினார்.

சீடன்: படத்தின் ஓரங்களைக் கத்தரித்து அச்சிடலாகாது என்று அவர் வற்புறுத்தியதும் இதனாலா?

குரு: ஆம். ஷட்டரை அழுத்தும் கணத்தில் சட்டத்துக்குள் அமைந்ததே அவர் கண்டது. பின்னர் இருட்டறையில் அதைத் திருத்துவது, அக்கணத்தில் காணாத ஒன்றைக் கண்டதாகக் காட்டுவதாகும்.

சீடன்: பாரிசின் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரின் 1932-ஆம் ஆண்டுப் படம் கத்தரிக்கப்பட்டதன்றோ?

குரு: உண்மையே. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியே எடுத்ததால் படத்தின் ஒரு பக்கத்தைப் பலகை மறைத்தது. காணுதலைக் காக்கப் பிறந்த விதி, காணவே இயலாது போன ஓரத்தைக் காக்க வேண்டியதில்லை.

சீடன்: இத்துணை ஈடுபாடு உடையவர் 1970-களில் ஒளிப்படத்தைப் பெரும்பாலும் விட்டுச் சித்திரம் வரையத் திரும்பியது சலிப்பினாலா?

குரு: இளமையில் ஆந்த்ரே லோட்டிடம் ஓவியம் பயின்றவருக்கு அது அயல் வழியன்று. நொடியில் கண்டு பழகிய கண், ஒரே பொருளின்முன் நெடுநேரம் அமர்ந்து கோடு கோடாகக் காண விழைந்தபோது, அதற்கேற்ற கருவியாகப் பென்சில் அமைந்தது. ஆதலின், கேமரா இன்றியும் ஓர் ஊரில் தங்கி அதன் மக்களைக் காண விரும்புவானா என்பதே பயணக் கலைஞன் தன்னுள் ஆராய வேண்டிய வினா. விரும்புவானாயின், ஒரு படமும் வாய்க்காத நாளும் அவனுக்குப் பயிற்சியே. விரும்பாதவனோ எத்தனை நாடுகளைச் சுற்றினாலும் முன்பே பிறர் எடுத்த படங்களையே மீண்டும் எடுத்துத் திரும்புவான்.