அத்தா வைத்த மரம்

 

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. நகரிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அந்த வாரம் ஜும்ஆ முடிந்து நாம் பள்ளியை விட்டு வெளியே வந்தபோது, மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி நம்மை நிறுத்தினார்.

"ஹஜ்ரத்! எங்கள் வீட்டு வேப்ப மரம் அத்தா தம் கையால் வைத்தது. அதன் கிளை முறிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்துவிட்டது. மரத்தையே வெட்டச் சொல்கிறார் அவர். வெட்டினால் குற்றமா? வெட்டாவிட்டால் குற்றமா?" என்று கேட்டார்.

கேட்டவரின் கண் கலங்கியிருந்தது. நாம் உடனே பதில் சொல்லவில்லை. "மரத்தைப் பார்ப்போம், வாருங்கள் தம்பி" என்று அவருடன் நடந்தோம்.

பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துப் பழைய தெருக்களை அறிந்தவர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கி வீடு கட்டிய நம் பெரியவர்கள், வாசலில் ஒரு வேம்பும் கொல்லையில் ஒரு மாவும் கிணற்றடியில் இரண்டு தென்னையும் வைத்தார்கள். வைத்தவர்களில் பலர் இன்று கபரில் இருக்கிறார்கள். மரங்கள் மட்டும் நிற்கின்றன.

அந்த ஹாஜியாரின் வேம்பும் நின்றது. ஆனால், தொடைப் பருமனுள்ள கிளையொன்று பக்கத்து வீட்டு அடுப்படியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்துக்கொண்டு கிடந்தது. அந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், மாற்று மதத்தவர். அவர் சத்தம் போடவில்லை. சொன்னது இதுதான்: "பாய் இருந்தவரைக்கும் வருஷா வருஷம் ஆள் வைத்துக் கிளை கழிப்பார். அவர் போன பிறகு யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கிளை பட்டுப்போய் இரண்டு வருஷமாகிறது. நானும் சொல்லிப் பார்த்தேன். மரத்தின் மேல் எனக்கென்ன விரோதம்? கிளை விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் என் பேத்தி இந்த அடுப்படியில்தான் நின்றிருந்தாள்."

தம்பி தலை குனிந்தார். நமக்கும் பேச்சு எழவில்லை.

நிற்கும் ஸதகா

சகோதரர்களே! ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அதிலிருந்து மனிதரோ, கால்நடையோ, பறவையோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகாவாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். கியாமத் நாள் வரை அது ஸதகாவாக இருக்கும் என்ற விளக்கமும் ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. வேப்பம்பழத்தை நாம் உண்பதில்லை. காகமும் மைனாவும் உண்கின்றன. ஹாஜியார் மவுத்தாகிப் பல ஆண்டுகள் சென்றிருக்கலாம். அந்தக் கிளையில் ஒரு மைனா அமர்ந்து பழம் தின்னும்போதெல்லாம் அவருடைய ஏட்டில் நன்மை எழுதப்படும் என்று ஆதரவு வைக்க நமக்கு இடமிருக்கிறது.

அப்படியானால் அந்த மரம் யாருடையது? பத்திரத்தில் மகனுடைய பெயர் இருக்கலாம். உண்மையில் அது அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத். இலை கொட்டுகிறது, கார் நிறுத்த இடமில்லை என்ற அற்பக் காரணங்களுக்காக அதை வெட்டுகிறவர், தம் தந்தைக்கு ஓடிக்கொண்டிருக்கும் நன்மையின் வாய்க்காலை அடைக்கிறார் அல்லவா? போருக்குச் செல்லும் படைக்குக்கூட, கனி தரும் மரத்தை வெட்டாதீர்கள் என்று அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் கட்டளையிட்டு அனுப்பினார்களே! எதிரியின் நாட்டு மரத்துக்கே அந்தப் பாதுகாப்பு என்றால், பெற்றவர் வைத்த மரத்துக்கு எவ்வளவு வேண்டும்?

ஆனால், தொல்லை தரும் கிளை?

இத்துடன் நிறுத்திக்கொண்டால் மார்க்கத்தின் பாதியைத்தான் சொன்னவர்களாவோம். பாதையில் மக்களுக்குத் தொல்லை கொடுத்த மரத்தை வெட்டி அகற்றிய ஒருவர் சுவர்க்கத்தில் உலவுவதைக் கண்டதாகவும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நட்டவருக்கும் நன்மை, தொல்லையை அகற்றியவருக்கும் நன்மை!

அபூதாவூதில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் ஸமுரா (ரலி) அவர்களுக்குச் சில பேரீச்ச மரங்கள் இருந்தன. தோட்டக்காரர் அங்கே குடும்பத்தோடு வசித்ததால், இவர் வந்து போவது அவருக்குச் சிரமமாயிற்று. விஷயம் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. விற்றுவிடும்படி சொன்னார்கள், மறுத்தார். மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தார். நன்மையை எடுத்துக் கூறி அன்பளிப்பாகக் கொடுத்துவிடும்படியும் சொன்னார்கள், அதற்கும் இணங்கவில்லை. முடிவில், நீர் பிறருக்கு இடர் செய்பவர் என்று அவரிடம் கூறிவிட்டு, மரங்களைப் பிடுங்கிவிடும்படி தோட்டக்காரருக்கு உத்தரவிட்டார்கள்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? மரத்துக்கு உரிமை உண்டு. அண்டை வீட்டாருக்கும் உரிமை உண்டு. அண்டை வீட்டார் எந்த மதத்தவரானாலும் அந்த உரிமை குறையாது. அதே சமயம், மரத்தை அகற்றும் உத்தரவு முதலில் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். மூன்று வழிகளைக் காட்டி, மூன்றும் மறுக்கப்பட்ட பிறகே அது வந்தது.

ஆகவே தம்பியிடம் நாம் சொன்னோம்: "வெட்டுவது கடைசி வழி. அதற்கு முன்னுள்ள வழிகளை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. உங்கள் குற்றம் மரத்தை வைத்திருந்தது அல்ல; அதைக் கவனிக்காமல் விட்டது."

பேணுவது எப்படி?

முதிர்ந்த மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுகிறோம். காட்டில் அது சரி. வீடுகளுக்கு நடுவே நிற்கும் மரத்துக்கு நம் கை வேண்டும்.

முதலில் வேர். நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், முதல் இரண்டு அடிக்குள்ளேயே இருக்கின்றன. கிளை விரிந்திருக்கும் எல்லைக்கு அப்பாலும் பரவுகின்றன. அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிட்டால் நீரும் காற்றும் எப்படிப் போகும்? தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. நம் முற்றத்தில் அதைச் செய்ய நமக்கு உத்தரவு தேவையா? கோடையில் நீர் ஊற்றும்போது அடிமரத்தில் கொட்டாமல், கிளைகளின் நிழல் விழும் ஓரத்தில் ஊற்றுங்கள். கால்வாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டுகிறவர்கள் அடிமரத்தை ஒட்டி வேரை அறுத்துவிட்டால், அடுத்த புயலில் மரத்தைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமிருக்காது.

இரண்டாவது கிளை. ஐப்பசி மழைக்கு முன்பே பட்ட கிளை, வெடித்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும். கனமான கிளையை முதலில் அடிப்பக்கம் சிறிது அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை உரிந்து வராது. கிளை புறப்படும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும்; அதைச் சிதைக்காமல் அதற்கு வெளியே அறுத்தால் காயத்தை மரமே மூடிக்கொள்ளும். ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் கழிக்கலாகாது. மரத்தை மொட்டையடித்தால், பிறகு துளிர்க்கும் கிளைகள் பலமில்லாமல் ஒட்டிக்கொண்டு நின்று காற்றில் முறியும். மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தாரைக் கொண்டே செய்ய வேண்டும். தெரு மரத்தில் நாமாகக் கை வைக்காமல் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, அடையாளங்கள். அடிமரத்தில் காளான் முளைத்தால், ஒரு பக்கம் மண் வெடித்து எழும்பினால், நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்ந்தால், தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். மரம் உள்ளே உளுத்துவிட்டது என்றால் பாசத்துக்காக நிறுத்தி வைத்துப் பிறர் உயிரோடு விளையாடக் கூடாது. அதை எடுத்துவிட்டு, அத்தாவின் நிய்யத்தோடு இன்னொன்றை நடுங்கள்.

பள்ளி முற்றத்திலும்

அந்த வேம்பு உளுக்கவில்லை. தம்பி உடைந்த கூரைக்குத் தம் செலவில் புதிய ஷீட் போட்டுக் கொடுத்து, பெரியவரிடம் மன்னிப்பும் கேட்டார். ஆள் வைத்துப் பட்ட கிளைகளைக் கழித்தார். கடப்பாரை எடுத்து அடிமரத்துச் சிமெண்டைத் தாமே பெயர்த்தார். பெரியவர் திண்ணையில் அமர்ந்து எந்தக் கிளையை எடுப்பது என்று வழி சொன்னார்.

திரும்பி வந்து பள்ளி முற்றத்தைப் பார்த்தபோது நமக்கே வெட்கமாயிற்று. அங்கே நிற்கும் புங்க மரத்தின் கழுத்துவரை நாமும் சிமெண்ட் பூசி வைத்திருந்தோம்! அறிவிப்புப் பலகைக்காக ஆணியும் அடித்திருந்தோம். ஒளுச் செய்த நீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்கு உபதேசம் செய்த நாம் அந்த வாரமே சிமெண்டை உடைத்து, ஆணியைப் பிடுங்கி, ஒளு நீரை மரத்தடிக்குத் திருப்பினோம்.

அடுத்த பங்குனியில் அந்த வேம்பு பூத்தது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டுமென்று பெரியவர் வீட்டில் கேட்க, தம்பியின் உம்மா ஒரு தட்டு நிறையக் கொடுத்தனுப்பினார்களாம். ஹாஜியார் வைத்த மரத்திலிருந்து இப்போது பறவையும் உண்கிறது. அண்டை வீடும் உண்கிறது.

சகோதர சகோதரிகளே! இன்று அஸர் தொழுதுவிட்டு உங்கள் வீட்டு மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். அதை வைத்தவருக்கு ஒரு பாத்திஹா ஓதுங்கள். பட்ட கிளை இருக்கிறதா, அது யார் வீட்டின் மேல் நிற்கிறது என்று பாருங்கள்.

நம் முன்னோர்கள் விட்டுச்சென்ற அமானத்துகளைப் பேணவும், அண்டை வீட்டாருக்கு இடர் செய்யாமல் வாழவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.