கருவியும் பயனும்

புதிய கருவி ஒன்று வந்ததும் நாம் அதைப் பழையதோடு ஒப்பிட்டு வியக்கிறோம், அல்லது குறைகூறுகிறோம். இது தீர்ப்பு ஆகுமா?

கொல்கத்தாவின் பெஹாலாவில், முன்பு டிராம் ஓடிய டயமண்ட் ஹார்பர் சாலையின் மேலே 2023 ஜனவரியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. டிராமோடு ஒப்பிட்டால் பெரும் முன்னேற்றமே. ஆயினும் அன்று மணிக்கு ஒரு வண்டிதான்; அதுவும் தாராதலாவோடு நின்றது. நகரின் மையத்திற்கு அலுவலகம் செல்பவருக்கு அதனால் என்ன பயன்? தாகூர்புகூர் புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிக்கோ அதுவே பேருதவி. (டிராமை எண்ணி ஏங்குவோரும் அதே ஒப்பீட்டைத்தான் தலைகீழாகச் செய்கின்றனர்.)

ஏழாம் நூற்றாண்டின் பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மகீர்த்தி, 'அர்த்தக்கிரியை', அதாவது பயன் விளைவிக்கும் ஆற்றலே உண்மைப் பொருளின் இலக்கணம் என்றார். 2024 மார்ச்சில் மெட்ரோ பாதை மாஜெர்ஹாட் வரை நீண்டு புறநகர் ரயிலோடு இணைந்தது. டிராமுக்கும் மெட்ரோவுக்கும் இடையிலான வேறுபாடு அப்படியேதான் இருந்தது, பயன் பெருகியது.