யார் தோற்ற பணம்

1968-ல் தமிழ்நாடு அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கியபோது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அதற்கு நியாயம் சொல்லப்பட்டது. தோற்றவன் கொடுத்த ரூபாய் பொதுக் கஜானாவுக்குத்தானே போகிறது என்ற சமாதானம். 2003-ல் லாட்டரியைத் தடை செய்தபோது அந்தச் சமாதானம் முடிவுக்கு வந்தது. சீட்டு முடியவில்லை. கேரள லாட்டரியின் கடைசி மூன்று எண்களை வைத்து, துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கும் ‘மூணு நம்பர்’ வியாபாரம் விழுப்புரம் பக்கத்தில் மறைவாக நடந்துகொண்டே இருந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், மூன்று சிறு பெண்குழந்தைகள் உட்பட, அதனால் அழிந்தது. கடைசியாகப் பதிவுசெய்த காணொளியில் அந்த மனிதர் இந்த லாட்டரியை ஒழித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தை வெளியூர்க்காரர்கள் அறிவது கரும்பாலையாலும், 2010 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாலும். மாவட்டத்தில் எங்கே என்ன அவலம் நேர்ந்தாலும் ஆம்புலன்ஸ் இங்கேதான் வந்து நிற்கும். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்தவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியிலிருந்தும் கொண்டுவந்தார்கள். ஒரு வியாபாரத்தின் நஷ்டக் கணக்கை இந்த ஊரில் இருந்தால் கண்ணால் பார்க்கலாம். லாபக் கணக்கு வேறெங்கோ எழுதப்படுகிறது. அந்த லாபக் கணக்கில் நம் ஊர்ப் பிள்ளைகளே கையெழுத்துப் போடத் தொடங்கியிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்த வியாபாரம் ஆன்லைன் ரம்மி. அதன் கதை லாட்டரியின் கதை போன்றதன்று. 1960-களின் கடைசியில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில், பதின்மூன்று சீட்டு ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. செகந்திராபாத் கிளப் ஒன்றில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடியவர்களைப் பற்றிய தீர்ப்பு அது. அரை நூற்றாண்டு கழித்து, நள்ளிரவில் முன்பின் தெரியாதவர்களோடு செல்போனில் பணம் வைத்து ஆடுவதற்கும் அதுவே கேடயமாகிவிட்டது. லாட்டரி, சூதாட்டம், பந்தயம் ஆகியவற்றில் அந்நிய நேரடி முதலீட்டுக்கு இந்தியாவில் இடமில்லை. ரம்மி சூதாட்டமே இல்லை என்றாகிவிட்டதால் அதற்குள் அந்நிய மூலதனம் தாராளமாக நுழைந்தது.

அப்படி நுழைந்தவற்றுள் பெரியது ஃப்ளட்டர் என்டர்டெயின்மென்ட். அயர்லாந்தில் பதிவான நிறுவனம். பேடி பவர், பெட்ஃபேர், போக்கர்ஸ்டார்ஸ், அமெரிக்காவின் ஃபேன்டூயல் எல்லாம் அதன் கையில். 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஓரிரு மாதங்களில், 2021 தொடக்கத்தில், ஜங்கிலி ரம்மியை நடத்தும் ஜங்கிலி கேம்ஸில் பாதிக்குச் சற்று மேலான பங்கை ஃப்ளட்டர் வாங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் தலைப்பில் முதலில் நிற்கும் பெயர் ஜங்கிலி கேம்ஸ்தான். பிறகு ஆன்லைன் ரம்மியை ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு, மீண்டும் ஓர் அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா, 2023 ஏப்ரலில் ஒருவழியாகக் கிடைத்த ஒப்புதல். அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடையிலிருந்து விடுவித்தது.

2024 ஜனவரியில் ஃப்ளட்டர் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. அதன்பின் அதை வாங்குவது முண்டியம்பாக்கத்தில் இருப்பவருக்கும் சில நிமிட வேலை. ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புதல் திட்டத்தின்படி ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். செயலியில் பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் கொடுத்து, ஏ2 படிவத்தில் எஸ்0001 என்ற நோக்கக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். வெளிநாட்டுப் பங்கில் முதலீடு என்று அதற்குப் பொருள். முழுப் பங்கின் விலை கைக்கு எட்டாவிட்டால் அதில் ஒரு துண்டை வாங்கிக்கொள்ளலாம். லாட்டரிச் சீட்டு வாங்கவோ கால்பந்துப் பந்தயம் கட்டவோ வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்று அதே அந்நியச் செலாவணி விதிகளில் தெளிவான தடை இருக்கிறது. சீட்டு வாங்குவது குற்றம். சீட்டு விற்கிற கடையில் பங்காளியாவது முதலீடு.

எனக்குத் தெரிந்த கரும்பு விவசாயி ஒருவரின் மகன் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறார். 2025 பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் தன் செல்போனைக் காட்டினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அவற்றுக்குக் கீழே ஃப்ளட்டர். எல்லாம் பச்சை எழுத்தில். “இதுதான் மாமா நல்லா ஏறியிருக்கு. நான் ஒரு நாள்கூட ரம்மி ஆடினதில்ல. கம்பெனியத்தான் வாங்கியிருக்கேன்,” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, அப்பாவின் கூட்டுறவுக் கடனை அடைத்த பிள்ளை. அப்படிப்பட்டவர் கையில் அது இருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

கரும்பாலைக்கு வரும் வருமானம் சர்க்கரை விற்ற காசு. காசு கொடுத்தவர் வீட்டில் சர்க்கரை இருக்கும். சூதாட்ட நிறுவனத்தின் கணக்கில் வருமானம் என்ற வரியில் நிற்பது, ஆடியவர்கள் கட்டிய பணத்தில் ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது. அதாவது, தோல்விகளின் கூட்டுத்தொகை. ரம்மியில் ஒவ்வோர் ஆட்டத்திலும் கம்பெனி கமிஷன் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒருவர் ஜெயித்தாலும், ஆடுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம் தவிர வேறு முடிவுக்கு வழியே கிடையாது. சரி, பொழுதுபோக்குக்காகக் கொஞ்சம் தோற்பவர்கள்தானே பெரும்பாலோர் என்று கேட்கலாம். எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். ஆனால் லாபம் அவர்களிடமிருந்து வருவதில்லை. சூதாட்டத் தொழிலை ஆராய்ந்த பிரிட்டன் மேலவைக் குழு 2020 ஜூலையில் தந்த அறிக்கை, அத்தொழிலின் லாபத்தில் 60 விழுக்காடு வாடிக்கையாளர்களில் 5 விழுக்காட்டினரிடமிருந்து வருகிறது என்றது. அந்த 5 விழுக்காட்டினர் சூதாட்ட அடிமைகள், அல்லது அதன் விளிம்பில் நிற்பவர்கள். தூங்க முடியாமல், விட்டதைப் பிடித்துவிடலாம் என்று மறுபடி மறுபடி பணம் போடுகிறவர் இந்த வியாபாரத்தில் தற்செயலாக மாட்டிக்கொண்டவர் அல்ல. அவர் இல்லாவிட்டால் லாபத்தின் பெரும்பகுதி இல்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை செய்யும் சட்டத்தை இரண்டே நாளில் நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இந்த ஆட்டங்களில் 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழக்கிறார்கள் என்பது மத்திய அரசு சொன்ன மதிப்பீடு. ஜங்கிலியின் பண ஆட்டங்கள் நின்றன. அந்த ஆண்டு ஜங்கிலியிடமிருந்து சுமார் 20 கோடி டாலர் வருமானமும் 5 கோடி டாலர் லாபமும் எதிர்பார்த்திருந்ததாக ஃப்ளட்டர் தெரிவித்தது. பிறகு 55.6 கோடி டாலரைத் தன் கணக்கிலிருந்து எழுதித் தள்ளியது.

அந்த வாரம் விழுப்புரத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு தாய் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள். பங்கு வைத்திருந்தவருக்கு அதே சட்டம் பாதகமான செய்தி. பங்கு வாங்குவதில் உள்ள தீங்கு இதுதான் என்று நினைக்கிறேன். அது மனிதனின் ஆசையை இடம் மாற்றி வைக்கிறது. தன் மாவட்டத்துக்கு நல்லது நடக்கும் நாளில் வருத்தப்பட வேண்டிய நிலையில் ஒரு நல்ல பிள்ளையை நிறுத்துகிறது. அவர் யாருக்கும் கெடுதல் நினைத்தவரில்லை. ஆனால் அவர் லாபம் நினைக்கும்போதெல்லாம், எங்கோ ஒருவர் தோற்க வேண்டும் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

இதைச் சொன்னபோது அவரிடம் பதில்கள் இருந்தன. நான் கொடுத்த பணம் பங்கை விற்றவருக்குத்தான் போனது, கம்பெனிக்கு ஒரு பைசா போகவில்லை என்றார். சரிதான். ஆனால் வாங்க ஆள் இருப்பதால்தான் பங்குக்கு விலை நிற்கிறது. அந்த விலையைக் காட்டித்தான் கம்பெனி கடன் வாங்குகிறது, அடுத்த கம்பெனியை வளைக்கிறது. அரசே டாஸ்மாக் நடத்துகிறதே என்றார். நடத்துகிறது, அதை எதிர்த்துப் பெண்கள் கடை வாசலில் உட்கார்கிறார்கள், சட்டமன்றத்தில் கேள்வி எழுகிறது. நியூயார்க்கில் வாங்கிய பங்கின் வாசலில் போய் உட்கார யாரால் முடியும்? எஸ் அண்டு பி 500 குறியீட்டில் லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ், எம்ஜிஎம் போன்ற சூதாட்ட விடுதி நிறுவனங்களும் உண்டு, அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டில் மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறவர்கள் எல்லோரும் பாவிகளா என்று கேட்டார். இதுதான் கனமான கேள்வி. ஐந்நூறு நிறுவனங்களோடு துளியாக வந்து ஒட்டுவது வேறு, ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு நடுவே பெயரைத் தேடி, தொழில் இன்னதென்று தெரிந்து, இதுதான் வேண்டும் என்று எடுப்பது வேறு. முதலாவதிலும் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

விற்றுவிடு என்று சொன்னேன். 2025 கடைசியில் விலை இறங்கியிருந்தது. “இப்ப வித்தா கையக் கடிக்கும் மாமா. பழைய விலைக்கு வரட்டும், வித்துடறேன்,” என்றார். ஃப்ளட்டருக்கு இந்தியா இனி இல்லை. அமெரிக்கா இருக்கிறது. அதே 2025-ல் பெரும்பான்மைப் பங்கை வாங்கிய கம்பெனி வழியாகப் பிரேசில் இருக்கிறது. பழைய விலை திரும்ப வேண்டுமென்றால் அங்கே ஆடுகிறவர்கள் இப்போது தோற்பதைவிட அதிகம் தோற்க வேண்டும். அதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார்.