மலிவும் நீதியும்



நீதியாய்த் தொழில் நடத்தினால் சிறு முதலாளி போட்டியில் பிழைப்பானா? இக்கேள்வியை அற்பமாய்த் தள்ளலாகாது.

திருப்பூரைப் பாருங்கள். அவ்வூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலாற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகளின் நிலத்தைப் பாழாக்கிற்று. நீரைச் சுத்திகரித்தவனுக்குச் செலவு, சுத்திகரியாதவனுக்கு மிச்சம். அவன் மலிவாய்ச் சாயமிட்டான். அந்த மலிவுக்கு விலை கொடுத்தவன் விவசாயி. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடக் கட்டளையிட்டது. பின்பு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கொண்டு, கழிவை ஆற்றில் விடாமல் தொழில் நடத்த வழி பிறந்தது. ஒருவனுக்குத் தாங்காத செலவைப் பலர் கூடிச் சுமந்தார்கள்.

நியாயமான கூலி கொடுப்பதும், அயலானுடைய நீரைக் கெடுக்காதிருப்பதும் தருமம் செய்வதல்ல, கடன் தீர்ப்பதாகும். கூலியை வஞ்சிப்பது சர்வேசுரனுடைய பழியைக் கூவியழைக்கும் பாவமென்று 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் தமது நிருபத்தில் போதித்தார்.

நீதிமானுக்கு நஷ்டமே வராதென்று சொல்வது பொய். நற்பெயரும், விட்டுப்போகாத வேலையாட்களும் அவனுக்குக் கைகொடுப்பதுண்டு. ஆயினும் லாபத்துக்காக மட்டும் செய்யும் நீதி, லாபம் நின்றவுடன் தானும் நின்றுபோகும்.

ஆகையால் அவனைத் தனியே விடாதீர்கள். வியாபாரிகளே, ஒன்றுகூடிப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வாங்குவோரே, நீங்கள் பேரம்பேசிக் குறைக்கும் காசு யாருடைய கூலியில் குறைகிறதென்று ஆராய்ந்து பாருங்கள். மலிவைத் தேடும் நாமும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே.