ஒரே பையில் இரு நிறைகற்கள்

தொன்மையான மறைநூல் எதுவும் தானாக வாய் திறந்து பேசுவதில்லை. அதை ஒருவன் எடுத்துப் படிக்கிறான். படித்தபின் இதற்குப் பொருள் இதுவென்று சொல்லுகிறான். அவ்வாறு சொல்லும்போது நூலின் அதிகாரத்தைத் தன் நாவின்மேல் ஏற்றிக்கொண்டு, தான் சொல்லுவது தன் அபிப்பிராயமன்று, தெய்வத்தின் வாக்கேயென்று மனப்பூர்வமாக நம்பவும் செய்கிறான். இந்த நம்பிக்கை பக்தியிலிருந்து பிறப்பதாயினும், வியாக்கியானம் செய்தவன் அதன் நிழலில் மறைந்துபோக, அவன் சொல்லால் பிறருக்கு நேரும் விளைவுக்கு உத்தரவாதம் ஏற்க ஒருவரும் இல்லாமற்போகும் அபாயமும் அதில் அடங்கியிருக்கிறது. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் நேசிக்கும் தன்பாலீர்ப்பைப் பற்றிக் கிறிஸ்தவ வேதாகமத்திலுள்ள சில வாக்கியங்களை இக்காலத்தில் எவ்வாறு படிப்பது என்று ஆராயப் புகுவோர், அந்த உத்தரவாதம் யாருடையது என்ற கேள்வியையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விரல்விட்டு எண்ணத்தக்க அவ்வாக்கியங்களுள், சபைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. தேவராஜ்யத்தில் பங்கில்லாதவர்களென்று பத்து வகையினர் அங்கே அடுக்கிச் சொல்லப்படுகிறார்கள். அவர்களில் இரு வகையினரைக் குறிக்கப் பவுல் ஆண்ட கிரேக்கச் சொற்கள் ‘மலாக்கொய்’, ‘ஆர்செனோகொய்த்தாய்’ என்பவை. முன்னதன் நேர்ப்பொருள் ‘மென்மையானவர்கள்’ என்பது. சுவிசேஷத்தில் மெல்லிய ஆடைக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. பின்னது ‘ஆண்’, ‘படுக்கை’ என்ற இரு சொற்களைச் சேர்த்துச் செய்த தொகைச்சொல். பவுலுக்கு முற்பட்ட கிரேக்க நூல்களில் அது காணப்படவில்லை. லூத்தரின் ஜெர்மானியப் பெயர்ப்பு இப்பின்னதைச் சிறுவரைக் கெடுப்போர் என்று கொண்டது. 1611-இல் வெளிவந்த ஆங்கிலப் பெயர்ப்பு முன்னதைப் பெண்தன்மை கொண்டவர் என்று கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றுத் தமிழ்ச் சபைகளில் இன்றும் வழங்கும் பழைய திருப்புதலோ, முன்னதைச் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ என்றும் பின்னதை ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்றும் எழுதிற்று. 1946-இல் அமெரிக்காவில் திருத்தி வெளியிடப்பட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாடு இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கி, ‘ஹோமோசெக்சுவல்’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்தது. அச்சொல்லோ 1869-இல்தான் ஜெர்மானிய மொழியில் முதன்முதலாக அச்சேறியது. 1971-இன் திருத்தத்தில் அது நீக்கப்பட்டது.

ஆகவே, மூலத்தில் ஓரெழுத்தும் மாறாதிருக்கையில், ஒரு நாட்டில் சிறுவரைக் கெடுத்தவனும், மற்றொரு நாட்டில் நடை நளினமாக அமைந்தவனும், திருநெல்வேலிச் சீமையில் தனிமையில் தவறியதாகத் தன்னையே நொந்துகொண்ட இளைஞனும், அமெரிக்காவில் தன்பாலீர்ப்புடையோர் அனைவரும், ஒரே வசனத்தின் பெயரால் தேவராஜ்யத்துக்குப் புறம்பாக்கப்பட்டார்கள். பெயர்த்தவர்கள் கல்வியிலும் பக்தியிலும் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் ஒரு சொல்லைத் தேர்ந்தபோது தாம் ஒரு மனிதக் கூட்டத்தைத் தேர்ந்துவிட்டதை அவர்களில் எத்தனை பேர் உணர்ந்திருப்பார்கள்?

ஆதியாகமத்தின் சோதோம் வரலாறும் இத்தகையதே. அந்நியராக வந்த இருவரை லோத்து தன் வீட்டுக்குள் அழைத்து விருந்தளித்தான்; ஊரார் திரண்டு வந்து, அவர்களை வெளியே விடும்படி கேட்டுக் கதவை உடைக்க நெருங்கினார்கள். வழிப்போக்கரைப் பலவந்தம் செய்து அவமானப்படுத்த முயன்ற ஒரு கும்பலின் கொடுமை இது. சோதோமின் அக்கிரமம் யாதென்று எசேக்கியேல் தீர்க்கதரிசி விளக்கும் இடத்தில், அவர் முதலில் எடுத்துச் சொல்வன கர்வமும், உணவு நிரம்பிய வாழ்வும், ஏழையின் கையைத் தாங்காத நெஞ்சும். விருந்தினரை வதைத்த ஓர் ஊரின் பெயர், பிற்காலத்தில் ஒருவரையொருவர் விரும்பி வாழும் இருவரின்மேல் சுமத்தப்பட்ட விதத்தை எண்ணிப் பார்ப்போர், வசனத்தை விடச் சம்பிரதாயம் எவ்வளவு உரத்த குரலுடையது என்பதை அறிவார்கள்.

இவ்வளவு சொன்னபின், சத்தியத்தை முன்னிட்டு மறுபக்கத்தையும் ஒளியாமற் சொல்ல வேண்டும். லேவியராகமத்தின் 18-ஆம், 20-ஆம் அதிகாரங்களிலுள்ள விலக்கு தெளிவானது. பின்னதில் மரணதண்டனையும் விதிக்கப்பட்டிருக்கிறது. ‘ஆர்செனோகொய்த்தாய்’ என்ற சொல்லே, எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் பழைய கிரேக்க வேதாகமத்தில் அவ்விலக்கைக் கூறும் சொற்களிலிருந்து கோக்கப்பட்டதாக இருத்தல் கூடும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் ஆண்களை மட்டுமன்றிப் பெண்களையும் சேர்த்துப் பேசுகிறார். அதை அடிமைச் சிறுவரைக் கெடுத்த ரோமரின் வழக்கத்தை மட்டும் கண்டித்ததென்று சுருக்கிவிடுவது எளிதன்று. இத்தகைய உறவை வேதாகமம் எங்கும் வாழ்த்தவில்லை என்பதும் உண்மை. தமக்கு உகந்த முடிவை முன்னரே வைத்துக்கொண்டு, அதற்கேற்பப் பழைய சொல்லை நெளித்து வளைப்பது, எந்தத் தரப்பினர் செய்தாலும் நேர்மையாகாது.

எனினும், வசனம் தெளிவாக இருக்கிறது என்பதால் மட்டும் விவகாரம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு, அதனினும் தெளிவான வசனங்களைச் சபை நடத்திய விதமே சாட்சி. வட்டி வாங்குதலை எடுத்துக்கொள்வோம். யாத்திராகமமும் லேவியராகமமும் உபாகமமும் அதைச் சகோதரரிடத்தில் விலக்குகின்றன. எசேக்கியேலின் 18-ஆம் அதிகாரமோ, வட்டிக்குக் கொடுப்பவனை ‘அருவருப்புகள்’ செய்தவர்களோடு சேர்த்து வைத்து, அவன் சாகவே சாவான் என்று தீர்ப்பும் கூறுகிறது. அங்கே நிற்கும் எபிரெயச் சொல்லும், லேவியராகமத்தில் ஆணோடு ஆண் சேர்வதைக் குறிக்க நிற்கும் சொல்லும் ஒன்றே. 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்வோருக்கு நற்கருணையையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. இவ்வளவு கடுமையும் காலக்கிரமத்தில் தளர்ந்தது. 1545-இல் சபைச் சீர்திருத்தக்காரர் கால்வின் ஒரு கடிதத்தில், ஏழையின் இடுக்கணைப் பிழிந்தெடுக்கும் வட்டி வேறு, வாணிகம் நடத்துவோனுக்குக் கொடுத்த முதலுக்குப் பெறும் ஊதியம் வேறு என்று பகுத்தார். பெயர் ஒன்றாயிருந்தாலும் செயல் ஒன்றல்ல என்ற அந்த நியாயம் நிலைபெற்றது. இன்று சபையின் நிரந்தர வைப்பு நிதிக்கு வரும் வட்டியிலிருந்து ஆலயத்துக்குச் சுண்ணாம்பு பூசுவதை ஒருவரும் பாவமென்று கருதுவதில்லை.

கால்வினுடைய பகுப்பு நியாயமானது. ஆனால், பெயரை விட்டுச் செயலின் உட்பொருளைப் பார்க்கும் அதே பகுப்பை, அடிமையின் உடலைக் கவர்ந்த எஜமானனுக்கும், வழிப்போக்கரை வதைத்த கும்பலுக்கும், ஒருவர்க்கொருவர் உண்மையாயிருந்து நோயிலும் முதுமையிலும் தாங்கிக்கொள்ளும் இருவருக்கும் இடையே செய்து பார்க்கலாகாது என்று மறுப்பதற்குக் காரணம் என்ன? தன்னைத் தொடும் வாக்கியத்துக்கு ஆழ்ந்த வியாக்கியானமும், பிறனைத் தொடும் வாக்கியத்துக்கு வெறும் எழுத்துமாக ஒருவன் வைத்துக்கொள்வானாயின், உபாகமமும் நீதிமொழிகளும் கண்டிக்கும் வாணிகனுக்கும் அவனுக்கும் வேறுபாடு இல்லை. ஒரே பையில், வாங்குவதற்கொன்றும் விற்பதற்கொன்றுமாக இரு நிறைகற்களை வைத்திருப்பவன் அவ்வாணிகன். அவனுடைய செய்கைக்கும் அந்நூல்கள் இட்ட பெயர் ‘அருவருப்பு’ என்பதே.

இந்தக் குற்றம் ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதன்று. மனுஸ்மிருதியின் 11-ஆம் அத்தியாயம், ஆணோடு கூடிய இருபிறப்பாளனை, மாட்டு வண்டியிலும் நீரிலும் பகற்பொழுதிலும் பெண்ணோடு கூடியவனோடு சேர்த்துச் சொல்லி, உடுத்த துணியோடு நீராடுமாறு பிராயச்சித்தம் விதிக்கிறது. அந்நூலே வேறிடங்களில் இதனினும் கடுமையாகப் பேசுகிறது. இத்தகைய உறவுக்கு ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரையிலான சிறையோ விதித்தது 1860-இன் தண்டனைச் சட்டத்தில் ஆங்கில அரசு வகுத்த 377-ஆம் பிரிவு. அப்பிரிவையே சனாதன தர்மத்தின் குரலென்று எண்ணிக் காத்தவர்கள், தம் சாஸ்திரத்தையும் முழுமையாகப் படித்தவர்கள் அல்லர். 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் தம் சம்மதத்தோடு கொள்ளும் உறவை அப்பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது.

மறைநூலின்மேல் பக்தியும் மனிதர்மேல் இரக்கமும் ஒருங்கே உடையோர் இத்தகைய நெருக்கடியில் எவ்வாறு நடந்துகொள்ளக் கூடும் என்பதற்கு, அமெரிக்காவில் கன்சர்வேடிவ் என்னும் யூதப் பிரிவினரின் சட்ட நெறிக் குழு 2006 டிசம்பரில் எடுத்த முடிவு சிந்திக்கத்தக்கது. எலியட் டார்ஃப், டேனியல் நெவின்ஸ், அவ்ரம் ரைஸ்னர் என்ற மூன்று ரபிமார், அதாவது யூத மதகுருமார், ஒரு தீர்ப்புரையை முன்வைத்தார்கள். லேவியராகமம் நேரடியாக விலக்கிய செயல் விலக்காகவே நிற்கட்டும். அதைச் சுற்றிப் பிற்கால ஆசிரியர்கள் எழுப்பிய வேலிகளை மட்டும், மனித மாண்பைக் காக்கும்பொருட்டு அகற்றலாம். தன்பாலீர்ப்புடையோர் ரபிகளாகலாம், அவர்களுடைய இணைவாழ்வை ஏற்கலாம் என்பது அதன் சாரம். ஜோயல் ராத் என்ற ரபி, பழைய விலக்கு முழுவதும் நிலைக்க வேண்டுமென்று எதிருரை எழுதினார். இருபத்தைந்து பேர் கொண்ட அக்குழுவில் முன்னதற்குப் பதின்மூன்று வாக்குகளும், பின்னதற்கும் பதின்மூன்று வாக்குகளும் கிடைத்தன; இரண்டுமே செல்லத்தக்கவையாயின. கூட்டிப் பார்த்தால், குறைந்தது ஒருவராவது இரண்டுக்கும் கை உயர்த்தியிருக்கிறார். அதை மனவுறுதி இன்மை என்று இகழ்வோர் இருக்கலாம். ஆயினும் வசனத்தின் கனத்தையும் மனிதனின் கனத்தையும் ஒரே கையில் ஏந்திப் பார்த்தவனுக்கு அந்தத் தத்தளிப்பு அந்நியமானதன்று. எதிர்த்தவர்களில் சிலர் குழுவை விட்டு விலகினார்கள். விலகியோரும் நிலைத்தோரும் தம் தம் பெயரிட்டு, இது எம் வியாக்கியானம், இதற்கு யாம் பொறுப்பு என்று நின்றதே அங்கே போற்றத்தக்கது.

அவர்களுடைய முன்னோரும் அவ்வழியே சென்றவர்கள்தாம். பெற்றோருக்கு அடங்காத மகனை ஊர் மூப்பரிடம் ஒப்புவித்துக் கல்லெறிந்து கொல்லும்படி உபாகமத்தின் 21-ஆம் அதிகாரம் விதிக்கிறது. யூதச் சட்ட விளக்கத் தொகுப்பாகிய தால்மூத்தின் ஆசிரியர்கள் அவ்விதியை அழிக்கவில்லை. தாயும் தந்தையும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒத்திருந்தாலன்றி அது செல்லாது என்பது போன்ற நிபந்தனைகளை அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, அப்படியொரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்ற முடிவுக்கு அவர்களுள் ஒருசாரார் வந்தார்கள். பிள்ளையின் உயிருக்கும் வசனத்துக்கும் இடையில், தங்கள் புலமை முழுவதையும் கேடயமாகப் பிடித்து நின்ற செயல் இது.

இவ்வாறு இளக்கிக்கொண்டே போனால் ஒழுக்கத்துக்கு எல்லை எங்கே என்ற ஆட்சேபம் எழும்; அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. எல்லை உண்டு, அதை மறைநூலே காட்டுகிறது. அன்பு பிறனுக்குத் தீங்கு செய்யாதாகையால், அன்பே பிரமாணத்தின் நிறைவென்று ரோமருக்கு எழுதியவரும் பவுல்தான். திருடனால் பொருளை இழந்தவன் இருக்கிறான். விபசாரத்தால் வாக்குறுதி முறிந்த துணை இருக்கிறாள். கொள்ளைக்காரனால் நொந்த ஏழை இருக்கிறான். சிறுவரைக் கெடுத்தவனால் சிதைந்த சிறுவன் இருக்கிறான். வயது வந்த இருவர் வஞ்சனையும் பலவந்தமுமின்றி ஒன்றி வாழும் வீட்டில் அவ்வாறு தீங்குற்றவர் யார் என்று கேட்டால், விடையாகக் காட்ட ஒரு முகம் இல்லை. பழைய விலக்கைத் தன் வாழ்வில் கைக்கொள்ள விரும்புவோனுக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் அவன், வட்டியையும் பொருளாசையையும் பற்றிய வசனங்களை அதே கடுமையோடு முதலில் தன்மேல் சுமந்துகொள்ளக் கடமைப்பட்டவன். தன் விசுவாசத்தின் பெயரால் அயலானின் வீட்டையும் பிழைப்பையும் மானத்தையும் பறிக்க அவனுக்கு எந்த வசனமும் அதிகாரம் கொடுக்கவில்லை.

தீர்ப்பிடுவோன் முதலில் தன் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு நல்ல நிகழ்ச்சி உண்டு. 2021-இல், மதுரையிலிருந்து ஓடிவந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தன்பாலீர்ப்பு விஷயத்தில் தமக்கு முன்கூட்டிய எண்ணங்கள் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன்பாக மனநல நிபுணர் ஒருவரிடம் தாமே மாணவராக அமர்ந்து கேட்டார். அதன் பின்னரே உத்தரவு எழுதினார். சட்டநூலை விளக்குவோனுக்கு இது தகுமாயின், ஆத்துமாக்களைத் தொடும் நூலை விளக்குவோனுக்கு எத்துணை தகும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை எண்ணிப் பார்க்கலாம். பிரசங்க பீடத்தில் அந்தப் பத்துப் பெயர்களின் அடுக்கு வாசிக்கப்படுகிறது. பொருளாசைக்காரர், உதாசினர் என்ற சொற்களைக் குரல் நிற்காமல் கடக்கிறது. ஒரு சொல்லில் மட்டும் நின்று, அழுத்தி, நெடுநேரம் பேசுகிறது. மூன்றாம் வரிசையில் தாயும் மகனும் அமர்ந்திருக்கிறார்கள். மகன் தலை நிமிரவில்லை. அவன் இன்னும் ஒன்றும் சொன்னதில்லையாயினும், அவன் கை சில்லிட்டிருப்பதைப் பக்கத்திலிருக்கும் தாய் அறிகிறாள். அவன் சொல்லும் நாள் ஒன்று வரும். அன்று அவள் நினைவில் அந்தக் குரல் ஒலிக்கும். அது தெய்வத்தின் குரலென்றே அவளுக்குத் தோன்றவும் கூடும். ஆனால் சோதோமின் கதை முழுவதும் ஒரு கதவருகே நடந்தது என்பதையும், உள்ளே அழைத்தவனே அங்கே நீதிமானாக எண்ணப்பட்டான் என்பதையும் யாரேனும் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்ட வியாக்கியானி, அன்றிரவு அந்த வீட்டில் தாழ்ப்பாள் விழுமாயின், தன் கையும் அதன்மேல் இருந்ததென்று ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவன்.