ஓடிக்கொண்டே இருக்கும் பிழை

சென்னை ஐஐடியின் சக்தி என்ற பிராசஸர் திட்டத்திலிருந்து 2018-இல் இரண்டு சிப்கள் வெளிவந்தன. ரைஸ்கிரீக், அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் உருவானது. ரிமோ, சண்டிகரில் 180 நானோமீட்டரில். ஆலையிலிருந்து வந்துவிட்ட சிப்புக்குள் ஒரு கம்பியைக்கூட மாற்ற முடியாது. அதனால் கை வைக்க வேண்டிய இடமெல்லாம் அதற்கு முன்பே, சிமுலேட்டரில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் பஸ் ஏறிப் பொறியியல் படிக்கப் போகிறவர்களில் சிலராவது இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஜெம்5 என்ற சிமுலேட்டரை எடுப்பார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

ஜெம்5, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5, விஸ்கான்சினின் ஜெம்ஸ் என்ற இரண்டு சிமுலேட்டர்கள் 2011 வாக்கில் ஒன்றானதில் பிறந்தது. அது இரண்டு வேலை செய்கிறது. புரோகிராமின் விடையைக் கணக்கிடுகிறது. அந்த விடைக்கு எத்தனை சைக்கிள் ஆகும் என்றும் சொல்கிறது. இரண்டிலும் பிழை வரும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி வருவதில்லை.

விடையில் வரும் பிழை பெரும்பாலும் சத்தம் போட்டு நின்றுவிடும். அப்போது திரையில் வரும் செய்தியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். ‘ஃபேட்டல்’ என்றால், கொடுத்த அமைப்பில் கோளாறு என்று சிமுலேட்டர் சொல்கிறது: நினைவகம் போதவில்லை, கோப்பு கிடைக்கவில்லை, இப்படி. ‘பேனிக்’ என்றால் சிமுலேட்டருக்குள்ளேயே நடக்கக்கூடாத ஒன்று நடந்திருக்கிறது; நீங்கள் சேர்த்த சி++ வரிகளை முதலில் சந்தேகிக்கலாம். கம்பைல் ஆகும்போதே ‘கில்டு’ என்று நின்றால் அது பெரும்பாலும் லேப்டாப்பின் ரேம் தீர்ந்துபோனதுதான். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைத்தால் போதும்.

நிற்காமல் விடை மட்டும் தவறினால், அதே புரோகிராமை ஸ்பைக்கிலும் ஓட்டுங்கள். ஸ்பைக், சக்தி சிப்களும் பின்பற்றும் ரிஸ்க்-வி கட்டளைத் தொகுப்புக்கு உரைகல்லான சிமுலேட்டர். இரண்டின் கட்டளைப் பதிவுகளையும் அருகருகே வைத்து, முதலில் வேறுபடும் வரியைத் தேட வேண்டும். ராஜபாளையம் மில்களில் நூலில் முடிச்சு தெரிந்தால் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் வரை பின்னோக்கிப் போவார்கள். தெரிந்த இடம் வேறு, பிறந்த இடம் வேறு. இங்கும் அப்படித்தான்.

எனக்குக் கவலை தருவது இரண்டாவது வகை. விடை சரி, சைக்கிள் கணக்கு தவறு. எதுவும் நிற்காது, எச்சரிக்கையும் வராது. அழகான வரைபடமாகிப் புராஜெக்ட் அறிக்கைக்குள் போய்விடும்.

கேஷை 32 கிலோபைட்டிலிருந்து 64 ஆக்குகிறீர்கள். மிஸ் எண்ணிக்கை குறைகிறது, ஓடிய நேரம் அப்படியே இருக்கிறது. ‘பெரிய கேஷால் பயனில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். பிராசஸர் மாதிரி ‘அட்டாமிக்’ ஆக இருக்கலாம். சும்மா விட்டால் அது நினைவகத்துக்காகக் காத்திருப்பதே இல்லை. வேகமாக ஓடிப்பார்க்க மட்டும் உதவும் மாதிரி அது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எம்5அவுட் என்ற கோப்புறையில் கான்ஃபிக் கோப்பு ஒன்று விழும். நீங்கள் கேட்டதை அல்ல, உண்மையில் கட்டப்பட்டதை அது சொல்லும். புள்ளிவிவரக் கோப்பைத் திறக்கும் முன் அதைப் படியுங்கள். புள்ளிவிவரத்தில் நேரத்தை அளக்கும் டிக், சைக்கிள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்: ஒரு டிக் ஒரு பிகோசெகண்ட், 1 கிகாஹெர்ட்ஸில் 1000 டிக் சேர்ந்தால் ஒரு சைக்கிள்.

சொந்தமாகக் கட்டளை சேர்க்கும்போது இந்தக் கண்ணி இன்னும் ஆழம். ரிஸ்க்-வியின் வடிவமைப்பாளர்கள் இதற்கென்றே சில குறியீடுகளை ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் முதலாவது 0001011. பெருக்கிக் கூட்டும் கட்டளை ஒன்றை அங்கே வைப்போம். ஜெம்5-இன் டிகோடர் கோப்பில் ஒரு வரி போதும். கம்பைலருக்குத் தெரியாத கட்டளையை அசெம்பிளரின் இன்ஸன் என்ற உத்தரவு வழியாக எழுதலாம். ஓடும், விடையும் சரியாக வரும். ஆனால் அந்த வரியில் இது பெருக்கல் வகை என்று குறிக்காவிட்டால், சிமுலேட்டர் அதைச் சாதாரணக் கூட்டலாக எடுத்து ஒரே சைக்கிளில் முடித்துவிடும். ஓ3 என்ற பிராசஸர் மாதிரியில் பெருக்கலுக்கு 3 சைக்கிள் என்பதே இயல்பான அமைப்பு. வன்பொருளில் இல்லாத வேகம் உங்கள் முடிவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை ஸ்பைக் காட்டிக்கொடுக்காது, அதற்கு நேரக் கணக்கே கிடையாது. கையால் கணக்கிடக்கூடிய சின்ன புரோகிராம் ஒன்றை நீங்களே எழுத வேண்டும். ஒன்றின் விடை அடுத்ததற்குத் தேவைப்படும்படி 1000 பெருக்கல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று கேஷை நிரப்பட்டும். இரண்டாவது சுற்றுக்கு முன் புள்ளிவிவரத்தைப் பூஜ்யமாக்கி ஓ3 மாதிரியில் ஓட்டினால் 3000-ஐ ஒட்டி சைக்கிள் வர வேண்டும். பெருக்கலை எடுத்துவிட்டு உங்கள் கட்டளையை அதே இடத்தில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். 1000-ஐ ஒட்டி வந்தால் டிகோடர் கோப்பைத் திறந்து அந்த வரியைத் திருத்திய பிறகுதான் வரைபடம்.