எகிப்திலிருந்து திரும்பும் வழி



திருக்குடும்ப விழாவான இன்று நாம் கேட்ட இதே நற்செய்திதான் 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையிலும் நம் கோவில்களில் வாசிக்கப்பட்டது. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் நிறைந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு இரவோடு இரவாக வீட்டைவிட்டு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வெளியே வந்தவர்கள், சற்று நேரத்தில் தாங்களே ஓட வேண்டியதாயிற்று. சுனாமி அலைக்கு ஓடியும் தப்பாதவர்கள் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

யோசேப்பை எழுப்ப வானதூதர் வந்தார். அந்தக் கடற்கரையை எழுப்ப யாரும் வரவில்லை. சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6.29. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல். வேளாங்கண்ணிக் கோவிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை என்பதைப் புதுமையாகச் சொல்லி மகிழ்கிறோம். சொல்லுங்கள். ஆனால் அதே ஊர்க் கடைத்தெருவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் சொல்லாதீர்கள்.

நான் அப்போது குருமாணவன். ஊர் ஊராகப் பழைய துணி சேகரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். நாகைக்குள் நுழையும்போதே பார்த்தோம், சாலையின் இரு பக்கமும் துணிக் குவியல். எங்களுக்கு முன்னால் வந்த லாரிகள் கொட்டிவிட்டுப் போனவை. மழையில் நனைந்து, மாடு மிதித்து, எடுப்பாரில்லாமல் கிடந்தன. நாங்களும் கொண்டுபோனதைக் கொட்டினோம். பரிவை உடுத்திக்கொள்ளுங்கள் என்று பவுலடியார் கொலோசை மக்களுக்கு எழுதியதை இன்று இரண்டாம் வாசகத்தில் கேட்டபோது எனக்கு அந்தக் குவியல்தான் நினைவுக்கு வந்தது. நாம் பரிவை உடுத்தவில்லை. நாம் உடுத்தி வேண்டாமென்று கழித்ததை அவர்கள்மேல் போட்டோம்.

மீன் விற்கும் அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். “பிரதர், துணி போதும். ஒரு அன்னக்கூடை கிடைக்குமா?” என்று கேட்டார். அலுமினியக் கூடை. அதைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போனால்தான் அவருக்குச் சோறு. அந்த நாள்களில் கடல் மீனைத் தொடவே சனங்கள் பயந்தார்கள், வாங்க ஆளில்லை. அது தெரிந்தும் அவர் கூடைதான் கேட்டார். எங்கள் லாரியில் கூடை இல்லை. என்ன வேண்டுமென்று புறப்படும்முன் நாங்கள் யாரையும் கேட்டிருக்கவில்லை.

நற்செய்தியின் பிற்பகுதியை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். ஏரோது இறந்தான், திரும்பிப் போ என்று யோசேப்புக்குச் சொல்லப்படுகிறது. அவர் கிளம்பி வருகிறார். ஆனால் யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலா ஆள்கிறான் என்று கேள்விப்பட்டதும் அஞ்சுகிறார். அந்த அச்சத்தைக் கடவுள் கண்டிக்கவில்லை. மறுபடியும் கனவில் பேசி வழிவிடுகிறார். குடும்பம் நாசரேத்தில் குடியேறுகிறது. எகிப்தில் யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள், எத்தனை நாள் பட்டினி என்றெல்லாம் மத்தேயு எழுதவில்லை. எங்கே போய் வாழ்வது என்ற கவலையை மட்டும் விடாமல் எழுதியிருக்கிறார்.

சுனாமிக்குப் பின் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். முதல் வாரத்துச் சோற்றுக்குக் குறைவில்லை. அதன்பின் தார் அட்டையில் தற்காலிகக் குடியிருப்புகள் வந்தன. வெயிலில் அடுப்பாகக் கொதித்தன, 2005 மழையில் பல இடங்களில் தண்ணீர் புகுந்தது. நிரந்தர வீட்டுக்கு வந்தபோது கடலிலிருந்து 200 மீட்டர் என்ற கணக்கு முன்னே நின்றது. கடலோரத்து மனையைக் கொடுத்துவிட்டு உள்ளே தள்ளிப் போனால் புது வீடு. உயிருக்குப் பாதுகாப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நின்றே தண்ணீரின் நிறத்தையும் காற்றையும் பார்த்து வலை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவனுக்குக் கடல் கண்ணில் படாத வீடு எப்படி வீடாகும்? படகையும் இயந்திரத்தையும் இரவில் யார் காப்பது? வரைபடம் போட்டவர்களுக்கு இந்தக் கேள்விகள் பெரும்பாலும் பிறகுதான் கேட்டன.

கேட்கப்படாதவர்களிலும் ஒரு கடைசி வரிசை இருந்தது. படகு இருந்தவருக்குப் படகு இழப்பு என்று எழுதலாம். உப்பேறிய வயலில் கூலி போன தலித் விவசாயத் தொழிலாளிக்கு எதை எழுதுவது? பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. சில முகாம்களில் தலித் மக்களையும் இருளர்களையும் உள்ளே சேர்க்கவே மறுத்தார்கள். அலை சாதி பார்க்கவில்லை என்று அப்போது மேடைகளில் பேசினோம். அலை பார்க்காததை முகாமில் மனிதர் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் யாருமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்த மழையில் ஆற்றங்கரைத் தெருவிலிருந்து நம் பள்ளிக்கூடத்துக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு அரிசியும் போர்வையும் தந்துவிட்டோம். நேற்று நம் இளைஞர்கள் வெறுங்கையோடு போய், ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டு எழுதி வந்தார்கள். அந்தத் தாள் இதோ. நனைந்துபோன ரேஷன் கார்டுக்கு மனு எழுதித் தர ஒருவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குப் புத்தகம். துணி தேய்ப்பவருக்கு இஸ்திரிப் பெட்டி. நம் தெருக்களிலேயே வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று நான்கு குடும்பங்கள். இதற்கு என்ன பதில் சொல்லப்போகிறோம் என்பதை வீட்டு உரிமையாளர்கள் இன்று சாப்பாட்டு நேரத்தில் பேசுங்கள். கடைசி வரி, பெண்கள் குளிக்கும் இடத்துக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

அவர்கள் அங்கே வந்து ஒன்பது நாளாகிறது. தச்சு வேலை தெரிந்தவர் யாராவது இருந்தால், திருப்பலி முடிந்ததும் திருப்பண்ட அறைக்கு வாருங்கள். தாழ்ப்பாள் வாங்கி வைத்திருக்கிறேன்.